டெக்கில் இறங்கிப் பழகியவர் கடற்படைத் தளபதியானபோது

இந்தியக் கடற்படையில் விமானியாக வருகிறவர் முதலில் கடலோடி, அதற்கப்புறம்தான் விமானி. இந்த வரிசை பிடிபடாமல் அட்மிரல் அருண் பிரகாஷின் பணிக்காலத்தைப் படித்தால், ஒரு போர் விமானி ஏன் தன் நல்ல வயதில் பல வருடங்களை விமானத்தை விட்டுவிட்டு கப்பலில் கழித்தார் என்ற கேள்வி வந்துகொண்டே இருக்கும். என் கருத்தில் அவர் தளபதியானதற்கான விடையே அங்கேதான் இருக்கிறது. அவர் ஓட்டிய விமானங்களைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். விமானத்துக்கும் கப்பலுக்கும் நடுவே அவர் மாறி மாறி நடந்த பாதையை யாரும் அவ்வளவாகக் கவனிப்பதில்லை.

1944-ல் பிறந்தவர், 1966 ஜனவரி 1-ல் கடற்படை அதிகாரியானவர். அந்தக் காலத்தில் இளம் அதிகாரிகள் எல்லோரையும் போல அவரும் தாண்டியாக வேண்டிய முதல் தடை, கப்பலைச் செலுத்தும் மேல் மாடமான பிரிட்ஜில் தனியாக வாட்ச், அதாவது கப்பலோட்டும் முறைப்பணி, பார்க்கும் தகுதிச் சான்றிதழ். வெளியே இருப்பவர்களுக்கு இது ஒரு காகிதமாகத் தெரியும். ஒரு வாட்ச் என்பது நான்கு மணி நேரம். நள்ளிரவு பன்னிரண்டிலிருந்து நான்கு வரை கேப்டன் தூங்குகிறார். கப்பலும் அதிலுள்ள சில நூறு உயிர்களும் இருபத்து நான்கு வயதுப் பையன் ஒருவன் கையில். தொலைவில் ஒரு வெள்ளை விளக்கு தெரிகிறது. அதன் திசைக்கோணம் மாறாமல் நின்று, தூரம் மட்டும் குறைந்துகொண்டே வந்தால் இரண்டு கப்பலும் மோதப் போகின்றன என்று அர்த்தம். கோணம் மாறுகிறதா என்று திசைகாட்டியில் இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை பார்த்துக் குறிக்க வேண்டும். எதிர்க் கப்பலின் சிவப்பு விளக்கு தெரிகிறதா, பச்சையா என்பதை வைத்து வழிவிட வேண்டியது யார் என்று முடிவெடுக்க வேண்டும். சந்தேகம் வந்தால் கேப்டனை எழுப்ப வேண்டும். எழுப்பத் தயங்கினால் அது மோதலில் முடியலாம்.

இந்தச் சான்றிதழ் கையில் இல்லாத விமானிக்குப் பின்னாளில் கப்பல் கிடைக்காது. கப்பலை நடத்தாதவருக்குக் கப்பற்படைப் பிரிவு கிடைக்காது. அது கிடைக்காதவர் தளபதி நாற்காலிக்கு அருகில்கூட வர முடியாது. விமானப்படையில் இந்தச் சிக்கலே கிடையாது. அங்கே விமானியின் ஏணி முழுக்க விமானத் தளங்களைச் சுற்றியே போகும். கடற்படையில் இரண்டு ஏணி, இரண்டிலும் ஒரே வயதில் ஏற வேண்டும். விமானத்தில் கை தேறும் வயதும் கப்பலில் கை தேறும் வயதும் ஒன்றேதான்.

அடுத்தது பறக்கும் பயிற்சி. அடிப்படைப் பயிற்சி விமானப்படையிடம். அதன் பிறகு டெக்கில், அதாவது விமானந்தாங்கிக் கப்பலின் மேல்தளத்தில், இறங்கப் பழகுவது. இதைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் கடற்படை விமானியின் மனசு உருவாவது இங்கேதான்.

1961 மே 18 அன்று, பிரிட்டனை ஒட்டிய கடலில் விமானந்தாங்கியான ஐ.என்.எஸ். விக்ராந்தின் டெக்கில் லெப்டினன்ட் ஆர்.எச். தஹிலியானி ஒரு சீ ஹாக் ஜெட்டை இறக்கினார். அந்த டெக்கைத் தொட்ட முதல் இந்தியர் அவர். பின்னாளில் 1984 முதல் 1987 வரை கடற்படைத் தளபதியாக இருந்தார். விமானியாக இருந்து அந்தப் பதவிக்கு வந்தவர்களில் அவரே முதல்வர். அருண் பிரகாஷ் நடந்த பாதையை முதலில் போட்டவர் அவர் என்றே சொல்லலாம். அந்தச் சீ ஹாக்குகளுக்கு நாட்டுக்குள் கிடைத்த முதல் தரைத்தளம் நம் கோயம்புத்தூருக்குப் பக்கத்துச் சூலூர். கடற்படை விமானத் தளமான ஐ.என்.எஸ். ஹன்சா 1961 செப்டம்பரில் அங்கேதான் தொடங்கியது. கோவா இந்தியாவோடு சேர்ந்த பிறகு, 1964-ல், டபோலிமுக்குப் போனது.

விக்ராந்தின் டெக் நீளம் சுமார் 213 மீட்டர். இறங்க உதவும் பகுதி அதிலும் ஒரு துண்டுதான், கப்பலின் நடுக்கோட்டுக்குச் சாய்வாக வரைந்த கோணப் பாதை. அதன் குறுக்கே இரும்புக் கம்பி வடங்கள். விமானத்தின் வாலுக்கு அடியில் ஒரு ஹூக். ஹூக் ஒரு வடத்தைக் கவ்வினால், டெக்குக்குக் கீழே உள்ள ஹைட்ராலிக் பொறி அந்த வடத்தை இறுக்கிக்கொண்டே விட்டுக்கொடுத்து விமானத்தை நிறுத்தும்.

சரியான சரிவில் வருகிறோமா என்று விமானி பார்ப்பது டெக்கின் இடது ஓரத்தில் உள்ள குழிக்கண்ணாடியை. அதில் ஓர் ஒளிப்பொட்டு தெரியும். இரண்டு பக்கமும் பச்சை விளக்குகள் ஒரே வரிசையில் நிற்கும். பொட்டு வரிசைக்கு மேலே போனால் விமானம் உயரமாக வருகிறது. கீழே இறங்கினால் தாழ்ந்துவிட்டது. பொட்டு, நடுக்கோடு, வேகம். கடைசிப் பதினைந்து இருபது விநாடிக்கு விமானியின் உலகத்தில் இந்த மூன்றும்தான்.

எங்கே தவறும்? உயரமாக வந்தால் ஹூக் எல்லா வடத்தையும் தாண்டிப் போய்விடும். அதற்காகத்தான் சக்கரம் டெக்கைத் தொட்ட அந்த நொடியே என்ஜினை முழு வேகத்துக்குத் தள்ள வேண்டும். தரையில் இறங்கிப் பழகியவரின் கை அந்த இடத்தில் தானாக என்ஜின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில் பிடியைப் பின்னால் இழுக்கும். அந்தப் பழக்கத்தை அழித்தாக வேண்டும். ஹூக் கவ்வாவிட்டால் கோணப் பாதையின் முனையிலிருந்து மறுபடி எழும்பிப் போகலாம், கையில் முழு வேகம் இருந்தால் மட்டும். தாழ்ந்து வந்தால் டெக்கின் பின்விளிம்பில் மோதல், அதற்கு மாற்றே கிடையாது. கப்பலுக்குப் பின்னால் காற்று ஒரு பள்ளமாக விழும், கடைசி நொடிகளில் விமானத்தைக் கீழே இழுக்கும். அதை எதிர்பார்த்து முன்னாலேயே கொஞ்சம் பவர் கொடுத்திருக்க வேண்டும். நடுக்கோட்டை விட்டு விலகி இறங்கினால் வடம் ஒரு பக்கம் அதிகமாக இழுபட்டு விமானத்தை டெக் ஓரத்துக்குத் திருப்பும். விமானியின் கண் ஒரு பாதையில் வருகிறது, ஹூக் அதற்குப் பல அடி கீழே வேறொரு பாதையில் வருகிறது. மூக்கைக் கொஞ்சம் தாழ்த்திவிட்டால் கண்ணுக்கு எல்லாம் சரியாகத் தெரியும், ஹூக் மட்டும் மேலே தூக்கி வடத்தைத் தவறவிடும்.

இதில் கப்பலின் பங்கு எவ்வளவு என்று ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். விமானம் 105 நாட் (ஒரு நாட் என்பது மணிக்குச் சுமார் 1.85 கிலோமீட்டர்) வேகத்தில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கப்பல் காற்றை எதிர்த்து ஓடி, டெக் மேல் 30 நாட் எதிர்காற்றைத் தந்தால் விமானம் வடத்தைக் கவ்வும்போது டெக்கைப் பொறுத்து 75 நாட்தான். ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் போகும், ஆகவே வடம் தாங்க வேண்டியது ஏறக்குறைய பாதியாகிவிடுகிறது. அதே எதிர்காற்று 20 நாட்டாகக் குறைந்தால் 85 நாட்டில் கவ்வ வேண்டும். வெறும் பத்து நாட் குறைந்ததற்கு வடத்தின் சுமை கால் பங்குக்கும் மேல் கூடிவிடுகிறது. பிரிட்ஜில் நிற்கும் கேப்டன் திசையை ஐந்து டிகிரி தவறவிட்டால்கூட அதன் விலையை மேலே சுற்றிக்கொண்டிருக்கும் விமானிதான் கொடுக்கிறார்.

1971 இந்திய-பாகிஸ்தான் போரில் இந்தக் கணக்கு ஏட்டை விட்டுப் போர்க்களத்துக்கே வந்தது. விக்ராந்தின் நான்கு கொதிகலன்களில் ஒன்றில் விரிசல் இருந்தது. முழு வேகம் எடுக்க முடியாது. வேகம் இல்லை என்றால் எதிர்காற்று இல்லை. எதிர்காற்று இல்லை என்றால் விமானத்தை வீசி எழுப்பும் கவண்பொறியிலிருந்து குண்டுகளோடு எழும்புவதும் சிரமம், திரும்பி இறங்குவதும் சிரமம். அப்படியும் நாகர்கோவிலில் பிறந்த வைஸ் அட்மிரல் நீலகண்ட கிருஷ்ணனின் கிழக்குக் கட்டளையின் கீழ் அந்தக் கப்பல் வங்கக்கடலில் இறங்கி, டிசம்பர் 4 முதல் காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் தாக்கியது.

அருண் பிரகாஷ் அப்போது விக்ராந்தில் இல்லை. பரிமாற்றப் பணியாக விமானப்படையின் 20-ஆம் ஸ்குவாட்ரன் என்ற விமானப் பிரிவில் ஹண்டர் போர் விமானம் ஓட்டிக்கொண்டிருந்தார். டிசம்பர் 4 அன்று பதான்கோட்டிலிருந்து ராவல்பிண்டியின் சக்லாலா விமானத் தளத்துக்குப் போன தாக்குதலில் பங்கெடுத்தார். நேர்க்கோட்டில் பார்த்தால் சுமார் 280 கிலோமீட்டர். ரேடாருக்குத் தெரியாமல் இருக்க மரத்தின் தலை உரசும் உயரத்தில் போக வேண்டும். அந்த உயரத்தில் ஜெட் என்ஜின் எரிபொருளைக் குடிக்கும் அளவே வேறு. வழி தவறித் தேட இரண்டு நிமிடம் எடுத்துக்கொண்டாலும் திரும்பி வர எண்ணெய் போதாது. வரைபடம், கடிகாரம், திசைகாட்டி மூன்றையும் வைத்துக்கொண்டு, ஆறு தாண்டிய நேரம், ரயில் பாதை தாண்டிய நேரம் என்று எண்ணிக்கொண்டே போக வேண்டியதுதான். அன்று அங்கே நின்றிருந்து அழிந்த விமானங்களில் ஒன்று, ஒலியின் வேகத்தை முதலில் தாண்டிய அமெரிக்க விமானி சக் யேகர் பயன்படுத்தி வந்தது. அவர் அப்போது பாகிஸ்தானில் அமெரிக்கப் பாதுகாப்புப் பிரதிநிதி. அந்தப் போரில் அருண் பிரகாஷுக்கு வீர் சக்ரா கிடைத்தது.

கடற்படைக்காரர் ஒருவர் விமானப்படையின் போர்முறையை உள்ளேயிருந்து கற்றுக்கொண்டது பின்னாளில் எவ்வளவு உதவியிருக்கும் என்பதை நான் பெரிதாகவே மதிக்கிறேன். முப்படைகளின் நடுவே சண்டை வருவதெல்லாம் ஒருவருக்கொருவர் வேலை தெரியாததால்தான். விமானப்படையின் போர் உத்திப் பள்ளி, குன்னூர் பக்கம் வெல்லிங்டனில் உள்ள முப்படை அலுவலர் கல்லூரி, அமெரிக்கக் கடற்படைப் போர்க் கல்லூரி என்று மூன்றிலும் அவர் படித்திருக்கிறார்.

சீ ஹாக்குகளின் காலம் முடிந்ததும் சீ ஹாரியர் வந்தது. வெள்ளைப்புலிகள் என்ற பெயர் கொண்ட 300-ஆம் ஸ்குவாட்ரன்தான் அதை வாங்கிக்கொண்டது. கமாண்டர் அருண் பிரகாஷ் அதன் தலைவர். 1983 டிசம்பர் 13-ல் இங்கிலாந்தின் யோவில்டனிலிருந்து மூன்று விமானங்கள் கிளம்பி, மால்டா, லக்சர், துபாய் வழியாக 16-ஆம் தேதி டபோலிமில் இறங்கின. நான்கு நாள் கழித்து, டிசம்பர் 20 அன்று, விக்ராந்தின் டெக்கில் முதல் சீ ஹாரியரை இறக்கியவர் அவர்.

ஹாரியர் டெக் வேலையைத் தலைகீழாக மாற்றியது. சீ ஹாக் முதலில் இறங்கும், அப்புறம் நிற்கும். ஹாரியர் முதலில் நிற்கும், அப்புறம் இறங்கும். என்ஜினின் நான்கு காற்றுக் குழல்களைக் கீழ் நோக்கித் திருப்பி, கப்பலின் இடது பக்கத்தில் அதே வேகத்தில் கூடவே மிதக்க வேண்டும். பிறகு பக்கவாட்டில் நகர்ந்து டெக்குக்கு மேலே வந்து, கீழே வைக்க வேண்டும். வடமும் வேண்டாம், ஹூக்கும் வேண்டாம். சுலபம் என்று தோன்றும். ஆனால் இறக்கை தாங்குவது குறைந்து என்ஜின் தாங்கத் தொடங்கும் அந்த நடுவேகத்தில் காற்று பக்கவாட்டில் அடித்தால் விமானம் புரண்டுவிடும், கட்டுப்பாட்டால் மீட்க முடியாத அளவுக்கு. அதற்காகவே விமானியின் கண்ணாடிக்கு முன்னால், மூக்கின் மேல், விரல் அளவுக்கு ஒரு சின்னத் தகடு காற்றில் ஆடிக்கொண்டிருக்கும். அது நேராக நிற்கும்படி மூக்கைக் காற்றுக்குள் வைத்திருக்க வேண்டும். அத்தனை மின்னணுக் கருவிகள் உள்ள விமானத்தில் உயிரைக் காப்பது அந்தத் தகடு.

அடுத்த எதிரி நம் ஊர் வெயில். செங்குத்தாக இறங்க விமானத்தின் எடை என்ஜினின் உந்துவிசையைவிடக் குறைவாக இருந்தாக வேண்டும். பிரிட்டனின் குளிரில் தரும் உந்துவிசையைக் கோவாவின் முப்பது டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் அதே என்ஜின் தராது. என்ஜினுக்குள் தண்ணீரைப் பீய்ச்சினால் கொஞ்சம் கூடும். ஆனால் விமானத்தில் இருப்பது சுமார் 227 லிட்டர், அதுவும் தாது நீக்கிய சுத்தமான தண்ணீர். ஒன்றரை நிமிடத்தில் தீர்ந்துவிடும். அதற்குள் இறங்கிவிட வேண்டும். சுடாத ஏவுகணைகளோடு திரும்பி வந்தால் எடை ஒத்துவராது. எரிபொருளைக் கொட்டுவதா, விலை மதிப்பான ஆயுதத்தைக் கடலில் வீசுவதா என்று யோசிக்க வேண்டிவரும். இதோடு கடல் உப்பு வேறு. கடல் மேல் பறந்து வந்தால் என்ஜினின் கத்திகளை நல்ல தண்ணீரால் கழுவியாக வேண்டும், கழுவாமல் விட்டால் அரித்துவிடும். இந்தியா வாங்கிய சீ ஹாரியர்களில் பாதிக்கு மேல் அவற்றின் முப்பது ஆண்டுக் காலத்தில் விபத்துகளில் போயின. இறந்த விமானிகளை நினைக்கும்போது இந்த விவரங்களை ஏனோதானோவென்று எழுத மனசு வரவில்லை.

ஸ்குவாட்ரன் தலைமைக்கு அப்புறம் மறுபடி கப்பல். அவர் நடத்திய கப்பல்களில் பெரியது விமானந்தாங்கியான ஐ.என்.எஸ். விராட். 1987 மே 12-ல், தஹிலியானி தளபதியாக இருந்தபோது, நம் கடற்படையில் சேர்ந்தது. அமெரிக்காவில் விமானந்தாங்கியின் கேப்டன் பறக்கும் பிரிவைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும் என்பது சட்டமாகவே இருக்கிறது. காரணம் பிரிட்ஜில் நின்று பார்த்தால் புரியும்.

கேப்டன் கப்பலைத் திருப்புகிறார். பெரிய கப்பல் வேகமாகத் திரும்பினால் ஒரு பக்கம் சாயும். டெக்கில் சங்கிலி கழற்றிய விமானம் ஒன்று நின்றால் சரியத் தொடங்கும், தள்ளிக்கொண்டிருக்கும் ஆட்கள் நடுவில் மாட்டிக்கொள்வார்கள். எனவே கப்பலைத் திருப்பும் சக்கரத்தைத் தொடும் முன் டெக்குக்குச் சொல்லியாக வேண்டும். விமானங்கள் திரும்பி வரும் நேரம் ஒன்று குறித்திருக்கும், அந்த நிமிடத்தில் கப்பல் காற்றை எதிர்த்து நேராக ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஐந்து நிமிடம் தாமதமானால் மேலே இருப்பவர் கரைக்குத் திரும்பப் போதுமான எண்ணெய் அளவுக்கும் கீழே போய்விடுவார். தென்மேற்குப் பருவக்காற்றில் அரபிக்கடலில் கிழக்கே போக வேண்டிய கப்பல், ஒவ்வொரு முறை விமானம் ஏற்றி இறக்கும்போதும் மேற்கே திரும்பி ஓட வேண்டும், பயணத்தில் முன்னேறியதெல்லாம் வீணாகும். ஹாரியர் இருந்தால் இந்தக் கட்டாயம் கொஞ்சம் தளரும். முதலில் மேலே எழுவது சேத்தக் ஹெலிகாப்டர், கடைசியில் இறங்குவதும் அதுவே. யாராவது கடலில் விழுந்தால் தூக்க அது பக்கத்தில் தொங்கிக்கொண்டிருக்கும். மேலே சுற்றி வந்த அனுபவம் உள்ள கேப்டனுக்கு இதையெல்லாம் யாரும் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை.

கிழக்குக் கப்பற்படைப் பிரிவு, தேசியப் பாதுகாப்பு அகாடமி என்று அடுத்தடுத்த தலைமைகளை வேகமாகக் கடந்துவிடுகிறேன். நிற்க வேண்டிய இடம் அந்தமான். 2001-ல் தொடங்கிய அந்தமான் நிக்கோபார் கட்டளை மூன்று படைகளையும் ஒரே அதிகாரியின் கீழ் வைத்த முதல் ஏற்பாடு. அருண் பிரகாஷ் அதன் தலைமையில் இருந்தார். ஓடுபாதைகள், சின்னச் சின்னத் துறைமுகங்கள், எந்தத் தீவுக்கு எந்தக் கப்பல் போக முடியும் என்பதெல்லாம் நேரடியாகத் தெரிந்தவராகத்தான் 2004 ஜூலை 31-ல் கடற்படைத் தளபதி ஆனார்.

ஐந்து மாதம்கூட ஆகவில்லை. டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்குச் சுமத்ராவை ஒட்டி நிலம் அசைந்தது. கார் நிக்கோபாரில் விமானப்படையின் குடியிருப்பைக் கடல் வாரிக்கொண்டு போனது. நாகப்பட்டினத்தில் நடந்ததை நான் எழுத வேண்டியதில்லை. அன்றே கப்பல்கள் கிளம்பின. முப்பதுக்கும் மேற்பட்ட கடற்படைக் கப்பல்கள் தமிழகக் கரை, அந்தமான், இலங்கை, மாலத்தீவு, இந்தோனேசியா என்று ஒரே நேரத்தில் வேலை பார்த்தன. திருகோணமலைக்கும் காலிக்கும் போன கப்பல்களில் கடல் ஆழம் அளக்கும் சர்வே கப்பல்களும் இருந்தன. நிவாரணத்துக்கு ஆழம் அளக்கும் கப்பல் எதற்கு? ஆழிப்பேரலை வந்துபோன துறைமுகத்தில் பழைய வரைபடத்தை நம்ப முடியாது. மணல் இடம் மாறியிருக்கும். மூழ்கிய படகுகள் வழியில் கிடக்கும். ஒலியைக் கொண்டு ஆழம் அறியும் ஒலிமானியால் கடலடித் தரையை அளந்து, தடைகளை டைவர்கள் நீக்கிய பிறகுதான் பெரிய கப்பலை உள்ளே விடலாம். சர்வே கப்பலை மருத்துவமனைக் கப்பலாகவும் மாற்றிக்கொள்ள முடியும், அப்படியும் பயன்படுத்தினார்கள்.

2006 ஜூலையில் லெபனான் போர். மத்தியதரைக் கடல் பயணம் முடித்து வீடு திரும்பிக்கொண்டிருந்த மும்பை, பிரம்மபுத்ரா, பேத்வா, சக்தி கப்பல்களைத் திருப்பி அனுப்பி, பெய்ரூட்டிலிருந்து சுமார் 2,280 பேரைச் சைப்ரஸுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அதில் இலங்கையரும் நேபாளியரும் இருந்தார்கள். அக்டோபர் 31-ல் அருண் பிரகாஷ் ஓய்வு பெற்றார். அடுத்து வந்த அட்மிரல் சுரீஷ் மேத்தாவும் விமானிதான்.

அவர் காலத்தில் நடந்த இன்னொரு வேலை அப்போது பெரிதாகப் பேசப்படவில்லை. 2005 ஏப்ரலில் கொச்சிக் கப்பல் கட்டும் தளத்தில் ஒரு விமானந்தாங்கிக்கு முதல் இரும்புத் தகட்டை வெட்டினார்கள். பதினேழு ஆண்டு கழித்து, 2022 செப்டம்பர் 2-ல், அந்தக் கப்பல் புதிய விக்ராந்தாகக் கடற்படையில் சேர்ந்தது. அதன் முன்பக்கத்தில் விமானம் எழ வளைந்த மேடு இருக்கிறது. இறங்கும் பாதையின் குறுக்கே மூன்று வடங்கள். வெள்ளைப்புலிகள் ஸ்குவாட்ரன் இப்போது மிக்-29கே ஓட்டுகிறது, அதன் வாலுக்கு அடியில் மறுபடி ஹூக் தொங்குகிறது.